மெழுகிடாத கட்டை

மே 6, செவ்வாய்

வெயில். கத்திரி தொடங்கிய மூன்றாம் நாளே இப்படி. பட்டறையின் தகரக் கூரை பதினோரு மணிக்கே முனக ஆரம்பித்துவிடுகிறது. எதிரே செஞ்சிக் கோட்டை மலைப் பாறைகளைப் பார்க்கவே கண் கூசுகிறது.

கையில் மூன்று மிருதங்கக் கட்டை. இரண்டு பண்ருட்டிப் பலா, முடிந்த மாதிரிதான். மூன்றாவது, மேல்சித்தாமூர் போகிற வழியில் ஏழுமலை என்கிற விவசாயியின் கொல்லையில் அறுத்த பலா. நல்ல மஞ்சள், நல்ல கனம். குடைந்து, நிழலில் போட்டு, இரண்டு வாயையும் மட்டம் செய்தாயிற்று. இனி வெட்டுமுகம்.

எல்லாரும் கட்டையின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு ஆஹா என்பார்கள். வாய் விளிம்பைப் பார்க்கிறவர்கள் நானும், இதற்குத் தோல் கட்டப்போகிற அவலூர்பேட்டை சேகரும்தான். குறுக்கே அறுத்த முகம் அது. மரத்தின் நரம்பெல்லாம் அங்கேதான் திறந்து நிற்கும். எண்ணெயைக் குடிக்கும், காற்றைக் குடிக்கும். அடைக்காமல் விட்டால் அந்த வழியாகவே காய்ந்து வெடிக்கும்.

செய்ய வேண்டியது:
– உப்புத்தாள் 80, 120, 220.
– ஈரத்துணி ஒரு தடவை. எழுந்து நிற்கும் நாருக்கு மறுபடி 220.
– ஆளிவிதை எண்ணெய், குடிப்பதை நிறுத்தும் வரை.
– கடைசியில் தேன்மெழுகு உருக்கி, சூட்டோடு தேய்த்து, வாயை மூடுவது.
– கேஸ் புக் செய்ய வேண்டும்.
– நூருவுக்கு மாதுளம்பழம்.

என் மனைவி நூருவுக்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பது நடக்கிறது. போன தடவை ஏழாம் மாதத்தோடு எல்லாம் நின்றுபோனது. அதை இங்கே எழுதப் போவதில்லை. வீட்டுக்கு வரும் நர்ஸம்மா சொல்லியிருக்கிறார்: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக் குழந்தை அசைவதை எண்ண வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பத்து வர வேண்டும். வராவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. எண்ணுவது அவள், எழுதுவது நான்.

இன்று: 10. முக்கால் மணியிலேயே வந்துவிட்டதாம். உதைக்கிற உதையைப் பார்த்தால் உங்கள் ஜாடைதான் என்கிறாள். திமிர்.

மே 7, புதன்

வலக்கை தட்டும் வலந்தலை வாய்க்கு ஐந்து கோட் எண்ணெய். சுற்றுப்பக்கம் இரண்டோடு நிறுத்திக்கொண்டது. வெட்டுமுகம் மட்டும் பூசிய கையோடு உறிஞ்சிக்கொண்டு மறுபடி வெளுத்துக் காட்டுகிறது. கிண்ணம் காலி. எடை போட்டுப் பார்த்தேன், ஏறவே இல்லை. எங்கே போகிறது எண்ணெய்? தரையில் சொட்டுகூட இல்லை.

தராசு பழசு. அதை மாற்ற வேண்டும்.

பன்னிரண்டரைக்குக் கட்டைக்குள்ளிருந்து சத்தம். டக். கொஞ்சம் பொறுத்து, டக். கூரைத் தகரம் என்று நினைத்தேன். காதை வாய் விளிம்பில் வைத்தேன். மரத்துக்குள்தான். குடைந்த சுவர் ஒரு கட்டைவிரல் கனம், அதற்குள்.

வண்டாக இருக்கும். ஆனால் வண்டு என்றால் ஓட்டை வேண்டும், உளுத்த மாவு உதிர வேண்டும். போன் டார்ச் அடித்து உள்ளும் புறமும் தேடினேன். ஒன்றும் இல்லை. இழைத்த பளபளப்பு அப்படியே இருக்கிறது. எண்ணெய்த் துணியை விளிம்பில் வைத்ததும் சத்தம் நின்றது. எடுத்ததும், டக்.

நூ. எண்ணியது: 10.

மே 8, வியாழன்

கரண்ட் காலையிலிருந்து இல்லை. கையாலேயே மறுபக்கத் தொப்பி வாய்க்கு உப்புத்தாள்.

அந்த வாயில் ஒரு கறுப்பு இருந்தது. மட்டம் செய்யும்போதே பார்த்தேன், கணு என்று விட்டுவிட்டேன். 220 போட்டதும் தெளிவாகிவிட்டது. கணு இல்லை, கயிறு. தென்னை நார்க் கயிறு. மரம் அதைச் சுற்றி வளர்ந்து, அப்படியே விழுங்கி வைத்திருக்கிறது. முறுக்கின இழை ஒவ்வொன்றும் தெரிகிறது. ஒரு முடிச்சுகூடப் பாதி அறுபட்டு நிற்கிறது.

யாரோ எதையோ இந்த மரத்தில் கட்டியிருக்கிறார்கள். அவிழ்க்கவில்லை.

மதியம் நூரு உள்ளே படுத்து எண்ணிக்கொண்டிருந்தாள். நான் பட்டறையில் சும்மா இருக்க முடியாமல் கட்டையில் காது வைத்து அதை எண்ணினேன். பைத்தியக்காரத்தனம்தான். பத்தாவது டக் கேட்டு நிமிர்கிறேன், உள்ளே இருந்து அவள் குரல்: "பத்து ஆச்சுங்க, எழுதிக்கோங்க."

எழுதினேன். நூ: 10. கட்டை: 10.

மே 9, வெள்ளி

ஜும்மா முடித்து நேரே வண்டியை ஏழுமலை வீட்டுக்கு விட்டேன். பலா நின்ற இடத்தில் இப்போது சிமெண்டுத் தரை. மோர் கொடுத்தார். கயிற்றைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு அதில் ஒளிக்க எதுவும் இல்லை.

"பால் மரமாச்சே பாய். மாடு கன்னு போட்டா, நஞ்சுக்கொடிய வைக்கோல்ல சுத்தி அதுல கட்டுவோம். நாய் வாய் வச்சிடக் கூடாது இல்ல, பால் வத்திடும்."

அவருடைய தாத்தா காலத்திலிருந்தே கட்டுகிறார்களாம். எல்லாம் மக்கித் தானே விழுந்துவிடும். ஒன்று மட்டும் விழவில்லை. எந்த மாடு என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். ஒரு செவலையாம். கன்று வயிற்றிலேயே செத்துக் கிடந்து, டாக்டர் வந்து இழுத்துப் போட்டாராம். அந்தக் கொடியையும் கட்டினார்கள். மூட்டை எப்போது காணாமல் போனது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. கயிறு மட்டும் வருஷா வருஷம் மரத்துக்குள் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார், வீட்டில் எத்தனை மாசம் என்று. சொன்னேன். கிளம்பும்போது பை நிறைய எலுமிச்சம்பழம் கொடுத்து, கட்டை வேண்டாமென்றால் திருப்பிக் கொண்டு வந்துவிடச் சொன்னார். அறுத்துக் குடைந்த மரத்தை யாராவது திருப்பி வாங்குவார்களா?

ஐந்து வேளை தொழுகிறவன் இதையெல்லாம் மனதில் வைக்கலாமா. பள்ளிவாசலில் இதைச் சொன்னால் ஹஜ்ரத் என்னைத் திட்டித் தீர்த்துவிடுவார். திட்டட்டும், அவருக்கு என்ன, அவர் காது வைத்துக் கேட்கவில்லை.

நூ: 10. கட்டை: 10.

மே 10, சனி

எண்ணெய் எட்டாவது கோட்டில் நின்றது. ஒருவழியாகப் போதும் என்றது வாய். இனி மெழுகுதான்.

அடுப்பில் மெழுகை உருக்கினேன். நல்ல தேன் வாசனை. துணியில் முக்கிக் கையில் எடுத்தும்விட்டேன். டக், டக் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டு வாயையும் மூடினால் உள்ளே இருக்கிறது எப்படி மூச்சு விடும் என்று ஒரு நினைப்பு. சீ, மரத்துக்கு என்ன மூச்சு. ஆனாலும் கை போகவில்லை. மெழுகு கிண்ணத்திலேயே இறுகிவிட்டது.

பயமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேட வேண்டாம். இதை மூடினால் அங்கே நூருவின் வயிற்றில் ஏதாவது நின்றுவிடுமோ என்று பயம்.

சாயங்காலம் சேகர் வந்தான், பண்ருட்டிக் கட்டை இரண்டையும் எடுத்துப்போக. மூன்றாவதைத் தட்டிப் பார்த்தான். நாதம் பிரமாதம் என்றான். காதை விளிம்பில் வைத்தான். சட்டென்று எடுத்துவிட்டான். காதைத் துடைத்துக்கொண்டான், ஏதோ பட்டுவிட்டதுபோல.

"பூச்சி பாய். ஊசியில மண்ணெண்ணெய் ஏத்து. வாய மூடாம வச்சிருந்தா இந்த வெயிலுக்கு வெடிச்சிடும், உனக்குத் தெரியாததா."

தெரியும். முப்பது வருஷமாகத் தெரியும். மண்ணெண்ணெய் ஏற்றவில்லை.

நூ: 10. கட்டை: 10.

மே 11, ஞாயிறு

நூருவிடம் சொல்லிவிட்டேன். கயிறு, கொடி, சத்தம் எல்லாம். செத்த கன்று விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். கேலி செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு வந்து அவளும் காது வைத்தாள். ரொம்ப நேரம் கண்ணை மூடியிருந்தாள்.

"பாவம்ங்க, மூடாதீங்க" என்றாள்.

சரி என்றேன். அவள் வாயால் வந்துவிட்டதே என்று ஒரு நிம்மதி. இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற முட்டாள்தனம் முட்டாள்தனமாகவே தெரிவதில்லை.

நூ: 10. கட்டை: 10.

மே 12, திங்கள்

கேஸ் வந்தது. வால்வில் கசிவு, ஆளைக் கூப்பிட்டு மாற்றினேன்.

கட்டை இன்று பலமாகத் தட்டுகிறது. அடுக்களை வரை கேட்டதாக நூரு சொல்கிறாள். இருக்காது. ஆனாலும் சந்தோஷம். பத்து வந்ததும் உள்ளே போய்ச் சொன்னேன். படுத்தபடியே சிரித்தாள், எனக்கும் பத்து என்றாள். மாதுளம்பழம் அப்படியே இருக்கிறது. பசி இல்லையாம், வெயில்தானாம்.

மே 13, செவ்வாய்

வலந்தலை விளிம்பில் முடி மாதிரி ஒரு கீறல். நேற்று இல்லை. நரம்பு வழியே காற்றுப் போய் உள்ளே இழுக்கிறது. இன்றைக்கு மெழுகிட்டாலும் பிழைத்துக்கொள்ளும். இடவில்லை.

கட்டை: ஒன்பது. ரோட்டில் ஒரு லாரி போனது, அந்தச் சத்தத்தில் ஒன்றை விட்டிருப்பேன். பத்து என்றே வைத்துக்கொள்ளலாம். 10.

உள்ளே போவதற்குள் நூருவே கேட்டாள், தட்டியதா என்று. பத்து என்றேன். பத்து என்றாள்.

மே 14, புதன்

காற்றே இல்லை. மலையில் ஒரு குரங்குகூட வெளியே வரவில்லை.

கட்டை விட்டு விட்டுத்தான் தட்டுகிறது. ஏழோடு நின்றது. காத்திருந்தேன். என் காதுக்குள்ளேயே ரத்தம் அடிக்கிறதா, அதுவா என்று தெரியவில்லை. அதையும் சேர்த்துக்கொண்டேன். நூருவிடம் பத்து என்று சொன்னேன்.

நூ: 10. சொல்லும்போது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூக்கக் கலக்கம் போல.

மே 15, வியாழன்

காலை எட்டு மணி. சத்தம் இல்லை.

ஒன்பது. இல்லை. கட்டையைத் திருப்பி வைத்தேன். இரண்டு வாயிலும் காது வைத்தேன். ஒரு தடவை சுத்தியின் பிடியால் தட்டியும் பார்த்தேன், பதிலுக்குத் தட்டுமோ என்று. நான் தட்டிய ஒலி உள்ளே சுற்றிவிட்டு அடங்கியது. அவ்வளவுதான்.

பத்தரை. இல்லை.

* * *

(மிச்சம் ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுவது. மணி நாலு.)

உள்ளே ஓடினேன். நூரு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கட்டை நின்றுவிட்டது என்றேன். அவள் முகம் போன போக்கை எழுதத் தெரியவில்லை.

"எனக்குத் திங்கக்கெழமையிலிருந்தே பத்து வரலைங்க" என்றாள். "ஏழு, ஆறு. நேத்து மூணு."

ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். என் வாழ்நாளில் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை.

"நீங்க பத்து பத்துன்னு சிரிச்சிக்கிட்டே வந்தீங்க. அது தட்டும்போது கொழந்தைக்கு இன்னா ஆயிடப் போவுதுன்னு நெனச்சிட்டேன்."

நானும் அதைத்தானே நினைத்தேன். அவள் பத்து என்கிறாள், பிறகென்ன என்று. அவள் என் பத்தை நம்பினாள், நான் அவள் பத்தை நம்பினேன். இரண்டும் பொய். நர்ஸம்மா மூன்று நாள் முன்பே கிளம்பச் சொல்லியிருப்பார். நான் மரத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாவி.

ஆட்டோ. செஞ்சியில் பார்த்துவிட்டு உடனே விழுப்புரம் அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் அவள் கை என் கைக்குள். வேர்வை. வயிற்றில் என் இன்னொரு கையை வைத்திருந்தேன், ரெட்டணை தாண்டி, மயிலம் ரோடு தாண்டி. ஒன்றும் இல்லை. ஒரு இடத்தில் ஏதோ புரண்ட மாதிரி. ரோட்டுக் குழியாகவும் இருக்கலாம். எண்ணவில்லை.

இங்கே பெல்ட் கட்டி மெஷினில் போட்டார்கள். இதயத் துடிப்பு இருக்கிறது. மெதுவாக இருக்கிறது. டாக்டரம்மா அசைவுக் கணக்கைக் கேட்டார். இந்த நோட்டை நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார், பத்து, பத்து, பத்து. "இவ்ளோ ஒழுங்கா எழுதியிருக்கீங்க" என்றார். பிறகு நூருவின் முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். வேறெதுவும் கேட்காமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கச் சொன்னார்.

கையெழுத்துப் போட்டேன். மூன்று இடத்தில்.

மே 16, வெள்ளி

பெண். நேற்று மாலை ஐந்தரைக்கு. உயிரோடு இருக்கிறாள். அல்ஹம்துலில்லாஹ்.

பிறந்ததும் அழவில்லையாம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதாளாம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திக் காட்டினார்கள். நல்ல மஞ்சள். மஞ்சள் காமாலை சகஜம்தான், விளக்கு வெளிச்சத்தில் வைத்தால் சரியாகும் என்கிறார்கள். எனக்கு அந்த மஞ்சளைப் பார்த்ததும் கட்டையின் மஞ்சள்தான் நினைவுக்கு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

நூரு மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் வார்த்தை, தட்டுதா என்று. குழந்தையைக் கேட்கிறாளா, அதைக் கேட்கிறாளா? நான் கேட்கவில்லை. அவள் நெற்றியைத் துடைத்துவிட்டேன்.

மே 17, சனி

துணிமணி எடுக்க செஞ்சிக்குப் போய் வந்தேன். பஸ் கூட்டம்.

பட்டறையைத் திறந்தேன். கட்டை வெடித்திருந்தது. வலந்தலை வாயிலிருந்து தொப்பி வரை ஒரே கோடு. கை நுழையும் அகலம். மெழுகிடாததால் வெடித்தது, இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. எந்த ஆசாரியைக் கேட்டாலும் சொல்வான்.

பிளவுக்குள் டார்ச் அடித்தேன். கட்டைச் சுவரின் கனத்துக்குள் ஒரு பொந்து. சுண்டுவிரல் நீளம், வழுவழுவென்று, யாரோ 400 தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. அந்தக் கயிற்று முடிச்சை ஒட்டி ஆரம்பிக்கிறது. வெளியே போக வழி எங்கேயும் இல்லை. உள்ளே பூச்சி இல்லை, கூடு இல்லை, மாவு இல்லை. எண்ணெய் மட்டும் அடியில் கொஞ்சம் தேங்கியிருந்தது. அதை விரலால் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

வெயில் காலம். பூட்டிய பட்டறை. எல்லாமே வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

கோணியைப் போட்டு மூடிவிட்டேன். சேகருக்குப் போன் செய்து, அது இல்லை, வேறு செய்து தருகிறேன் என்றேன். என்ன ஆயிற்று என்றான். என் தப்பு என்றேன். அவனுக்கு அது வினோதமாகப் பட்டிருக்கும், நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னவன் இல்லை.

மே 18, ஞாயிறு

காலையில் குழந்தையை நூரு பக்கத்தில் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். மஞ்சள் குறைந்திருக்கிறது. கை விரல் நீளம். முகம் யார் ஜாடை என்று இன்னும் சொல்ல முடியவில்லை. சும்மா இருந்து இருந்து திடீரென்று முகத்தைச் சுளிக்கிறாள்.

நர்ஸ் ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போனாள். குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை துணி நனைக்கிறது என்று எண்ணி வைக்க வேண்டும். பால் இறங்குகிறதா என்று அதை வைத்துத்தான் தெரியுமாம்.

மாலை நர்ஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நூருவைக் கேட்டேன். எட்டு இருக்கும் என்றாள். கண் என்னைப் பார்க்கவில்லை.

நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து வாளியை இழுத்தேன். துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். பக்கத்துக் கட்டில் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு. மறுபடி எண்ணினேன். நாலுதான்.

"எட்டுன்னே சொல்லுங்க" என்றாள் நூரு, மெதுவாக. எனக்கும் வாய் வரை எட்டு வந்துவிட்டது. சொல்லிவிட்டால் இந்த நர்ஸ் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள்.

நர்ஸ் வந்தாள். எத்தனை என்றாள்.

நாலு என்றேன்.

நூரு கண்ணை மூடிக்கொண்டாள். நர்ஸ் பேனாவை எடுத்தாள், அட்டையில் எழுதினாள். குழந்தையின் வயிற்றை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"மூணாவது நாளுக்கு நாலு போதும்ணா" என்றாள்.